இங்கிலீஷ்ல ரன்-ஆன் வாக்கியத்த எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி சரி பண்றது?

கேள்வி இதுதான்: "நான் ஆபீஸ்ல எழுதுற மெயில் எல்லாத்துலயும் ரன்-ஆன் சென்டன்ஸ் இருக்குன்னு மேனேஜர் சொல்றாரு. வாக்கியத்த சின்னதா எழுதிப் பாத்தேன், அப்பவும் அதையேதான் சொல்றாரு. உதாரணத்துக்கு நான் எழுதின ஒரு லைன்: 'வி ரிசீவ்ட் தி ஷிப்மென்ட் எஸ்டர்டே, டூ பாக்ஸஸ் வேர் டேமேஜ்ட், வி இன்ஃபார்ம்ட் தி டிரான்ஸ்போர்ட்டர், ஹி செட் ஹி வில் செக், ப்ளீஸ் அட்வைஸ்.' இதுல என்ன தப்பு?"

நான் ஒரு கம்பெனில டாக்குமென்டேஷன் எடிட்டிங் வேலை பாக்குறேன், நம்ம ஊர் பசங்க எழுதுற இங்கிலீஷ் டிராஃப்ட்தான் தினமும் என் டேபிளுக்கு வரும், அதனால இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாவே பதில் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. ரன்-ஆன்ங்கிறதுக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நீங்க சின்னதா எழுதியும் தீராததுக்கு காரணம் அதுதான். "இட் ரெய்ன்ட் வி லெஃப்ட்" நாலே வார்த்தை, ஆனா அது ரன்-ஆன். நாப்பது வார்த்தைல ஒரு வாக்கியம் எழுதி, இணைப்பு எல்லாம் ஒழுங்கா இருந்தா அது ரன்-ஆன் கிடையாது. தனியா நிக்கக்கூடிய ரெண்டு வாக்கியத்த சரியான இணைப்பு இல்லாம ஒட்ட வெச்சா அதுக்குப் பேரு ரன்-ஆன், அவ்ளோதான். நடுவுல ஒண்ணுமே போடாம ஒட்டினா ஃப்யூஸ்ட் சென்டன்ஸ்னு சொல்வாங்க, வெறும் கமா மட்டும் போட்டு ஒட்டினா கமா ஸ்ப்ளைஸ்னு சொல்வாங்க. என் டேபிளுக்கு வர்றதுல முக்கால்வாசி ரெண்டாவது வகைதான். உங்க லைனும் அதேதான்.

இது தமிழ்க்காரங்க மட்டும் பண்ற தப்புன்னு நெனச்சு மனசு விட்டுடாதீங்க. 1980கள்ல அமெரிக்க காலேஜ் பசங்க எழுதின 3,000 கட்டுரைய எடுத்து ராபர்ட் கானர்ஸ், ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டுன்னு ரெண்டு பேராசிரியர்கள் ஆராய்ச்சி பண்ணி 1988ல வெளியிட்டாங்க, அடிக்கடி வர்ற 20 பிழைன்னு அவங்க போட்ட லிஸ்ட்ல கமா ஸ்ப்ளைஸும் இருக்கு, ஃப்யூஸ்ட் சென்டன்ஸும் இருக்கு. இங்கிலீஷே வீட்டு மொழியா இருக்குறவங்களுக்கே அப்படின்னா நமக்கு வர்றதுல ஆச்சரியம் இல்ல. ஆனா நமக்கு வர்றதுக்குன்னு தனியா ஒரு காரணம் இருக்கு, அத புரிஞ்சிக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

தமிழ்ல நாம எப்படி பேசுறோம்னு பாருங்க. "பேங்க்குக்குப் போய், டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் உக்காந்து, கடைசில சர்வர் டவுன்னு சொன்னதால திரும்பி வந்துட்டேன்." இதுல எத்தன வினைமுற்று? ஒண்ணே ஒண்ணு, "வந்துட்டேன்". போய், வாங்கி, உக்காந்து எல்லாம் வினையெச்சம், அதுக்குன்னு தனியா முடிவு கெடையாது, அடுத்த வினையப் பாத்து ஓடிக்கிட்டே இருக்கும். எத்தன எச்சம் வந்தாலும் கடைசில ஒரு முற்று வந்தா வாக்கியம் முடிஞ்சுது, இலக்கணமும் சரி. இதயே இங்கிலீஷ்ல யோசிக்கும்போது ஒவ்வொரு எச்சமும் ஒரு முழு வினையா மாறிடுது: "ஐ வென்ட் டு தி பேங்க், ஐ டுக் எ டோக்கன், ஐ வெயிட்டட் ஃபார் ஆன் அவர், தே செட் தி சர்வர் வாஸ் டவுன், ஐ கேம் பேக்." தமிழ்ல இருந்த கமா அப்படியே அதே இடத்துல உக்காந்திருக்கு, ஆனா கமாவுக்கு ரெண்டு பக்கமும் இப்ப முழு வாக்கியம் நிக்குது. இங்கிலீஷ்ல கமாவுக்கு அந்த பலம் கிடையாது.

அதோட ஸ்கூல்ல நம்மள்ல நிறைய பேருக்கு சொல்லிக்கொடுத்தது "மூச்சு விடுற எடத்துல கமா, முழுசா நிறுத்துற எடத்துல ஃபுல்ஸ்டாப்"னு. சத்தமா வாசிக்க அது உதவும், எழுத உதவவே உதவாது. ஏன்னா சின்ன வாக்கியத்துக்கு அப்புறம் யாரும் முழுசா நிறுத்தறதில்ல, லேசா இழுத்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம், அங்க கை தானா கமா போடும். இந்த மூச்சுக் கணக்க தயவுசெஞ்சு விட்டுடுங்க, நான் இதுல ரொம்ப உறுதியா இருக்கேன்.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறது. காலம் காட்டுற வினைச்சொல்லையும் அதோட எழுவாயையும் சேத்து ஒரு ஜோடியா எண்ணுங்க. "வென்ட்", "வாஸ்", "வில் செக்", "ஹேஸ் சென்ட்" இதெல்லாம் கணக்குல வரும். "டு செக்", "செக்கிங்" மாதிரி தனியா நிக்கிறது கணக்குல வராது. உங்க லைன்ல வி ரிசீவ்ட், பாக்ஸஸ் வேர், வி இன்ஃபார்ம்ட், ஹி செட், ஹி வில் செக், கடைசில அட்வைஸ். ஆறு ஜோடி. "ஹி வில் செக்" மட்டும் அவர் என்ன சொன்னார்ங்கிறதுக்கு பதிலா "செட்" உள்ள அடங்கிடுது, அத விட்டா அஞ்சு தனி வாக்கியம், நடுவுல நாலு கமா. நாலுமே கமா ஸ்ப்ளைஸ்.

"ப்ளீஸ் அட்வைஸ்"க்கு எழுவாய் எங்கன்னு கேப்பீங்க. ஏவல் வாக்கியத்துல "யு" மறைஞ்சிருக்கும், அதனால அதுவும் முழு வாக்கியம்தான். ஆபீஸ் மெயில்ல அதிகமா கண்ணுக்குத் தப்புறது இதுதான்: "ஐ ஹேவ் அட்டாச்ட் தி இன்வாய்ஸ், ப்ளீஸ் செக்." பாக்க ரொம்ப சாதுவா இருக்கும். இன்வாய்ஸ்க்கு அப்புறம் ஃபுல்ஸ்டாப்.

இன்னொரு வழியும் இருக்கு. ரெய் நோகுச்சின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1991ல, இலக்கணப் பேரெல்லாம் தெரியாத மாணவர்களுக்காக ஒரு சோதனை எழுதினார்: எழுதின வாக்கியத்த ஆமா-இல்லன்னு பதில் வர்ற கேள்வியா மாத்திப் பாருங்கன்னு. "தி கிளையன்ட் அப்ரூவ்ட் தி டிசைன், வி ஸ்டார்ட்டட் கோடிங்"ங்கிறத எடுத்துக்கிட்டா, "டிட் தி கிளையன்ட் அப்ரூவ் தி டிசைன்?" "டிட் வி ஸ்டார்ட் கோடிங்?" ரெண்டு தனிக் கேள்வி வந்துடுச்சு, அப்ப அது ரெண்டு வாக்கியம். அதே "பிகாஸ் தி கிளையன்ட் அப்ரூவ்ட் தி டிசைன், வி ஸ்டார்ட்டட் கோடிங்"னு இருந்தா பிகாஸ் பகுதிய தனிக் கேள்வியாக்கவே முடியாது, பின்னாடி இருக்குறத மட்டும்தான் கேக்க முடியும். அப்ப அது ஒரே வாக்கியம், கமா அங்க சரி. அவரு டேக் கொஸ்டியன் வெச்சும் ஒரு சோதனை சொல்லிருக்கார், அதாவது கடைசில "டிடின்ட் ஹி", "வாஸின்ட் இட்" மாதிரி சேத்துப் பாக்குறது, ஆனா நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் "இல்லையா" மாதிரி "இஸின்ட் இட்" போட்டுப் பழகினவங்க நிறைய, அதனால நமக்கு முதல் சோதனைதான் ஒத்து வரும்.

ரெண்டு இடத்துல கூடுதலா கவனமா இருங்க. ரெண்டாவது பகுதி இட், திஸ், தே, ஹி மாதிரி வார்த்தைல ஆரம்பிச்சா அது முன்னாடி சொன்னதோட ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரியே தோணும். "வி டெஸ்டட் தி ஆப், இட் க்ராஷ்ட்." அர்த்தத்துல ஒட்டிருக்கு, இலக்கணத்துல ஒட்டல.

இன்னொண்ணு "ஹவெவர்". இதுல விழாத ஆளே கிடையாது, நல்லா எழுதுற சீனியர்ஸ் கூட. "தி ஃபைல் இஸ் ரெடி, ஹவெவர் தி சர்வர் இஸ் டவுன்." அர்த்தம் "பட்" மாதிரியே இருக்குறதால அதுவும் இணைப்புச் சொல்னு நெனச்சிடுறோம். வித்தியாசம் பாக்க சுலபமான வழி, அந்த வார்த்தைய நகத்திப் பாருங்க. "தி சர்வர், ஹவெவர், இஸ் டவுன்"னு உள்ள தள்ள முடியுது, "பட்"ட அப்படித் தள்ள முடியாது. உள்ள நகரக்கூடிய வார்த்தைக்கு ரெண்டு வாக்கியத்த கட்டிப்போடுற பலம் இல்ல. தேர்ஃபோர், மோர்ஓவர், தென், ஆல்ஸோ எல்லாம் இதே ஜாதிதான். அதுக்கு முன்னாடி ஃபுல்ஸ்டாப் போடுங்க இல்ல செமிகோலன் (;) போடுங்க, ஹவெவர், தேர்ஃபோர், மோர்ஓவர் மூணுக்கும் பின்னாடி ஒரு கமா. கமாவோட சேந்து இணைக்கிற தகுதி ஏழு சின்ன வார்த்தைக்குத்தான் உண்டுன்னு சொல்லிக்கொடுப்பாங்க: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. நடைமுறைல அண்ட், பட், ஸோ, ஆர் நாலு போதும்.

இப்ப சரி பண்றது. நிறைய பேர் கண்ணுல பட்ட கமாவ எல்லாம் ஃபுல்ஸ்டாப்பா மாத்திட்டு முடிச்சுட்டேன்னு அனுப்புவாங்க. பிழை போயிடும், ஆனா விஷயமும் போயிடும். "தி சர்வர் வென்ட் டவுன். தி டிஸ்க் வாஸ் ஃபுல். வி டிலீட்டட் ஓல்ட் லாக்ஸ்." எதனால எது நடந்துச்சுன்னு படிக்கிறவங்களே யூகிக்கணும். இந்த மாதிரி ரிப்போர்ட்டோட உயிரே அந்தக் காரணம்தான், அத "பிகாஸ்" போட்டு சொல்லணும்: "தி சர்வர் வென்ட் டவுன் பிகாஸ் தி டிஸ்க் வாஸ் ஃபுல், ஸோ வி டிலீட்டட் ஓல்ட் லாக்ஸ்." அதனால எந்தக் குறி போடலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு விஷயத்துக்கும் என்ன உறவுன்னு கேளுங்க. காரணமா இருந்தா பிகாஸ், ஸோ. முரணா இருந்தா பட், ஆல்தோ. நேரமா இருந்தா வென், ஆஃப்டர், பிஃபோர். முன்னாடி சொன்ன ஆள பத்தியோ பொருள பத்தியோ கூடுதல் தகவல்னா ஹூ, விச். எந்த உறவும் இல்லாம அடுத்த விஷயத்துக்குப் போறீங்கன்னா ஃபுல்ஸ்டாப். உறவு ரொம்ப நெருக்கமா இருக்கு, ஆனா அத வார்த்தையா சொல்லத் தேவையில்லன்னு தோணுற அபூர்வமான இடத்துல மட்டும் செமிகோலன். செமிகோலன வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸ்ங்கிற அச்சகக்காரர் 15ஆம் நூற்றாண்டு கடைசியில கொண்டு வந்தார், அன்னிலேர்ந்து அழகான குறிதான், ஆனா ஆபீஸ் மெயில்ல எல்லா கமாவுக்கும் பதிலா அத போட ஆரம்பிச்சா படிக்கிறவங்களுக்கு மூச்சு முட்டும்.

உங்க லைன நான் எழுதினா இப்படி வரும்: "டூ பாக்ஸஸ் இன் தி ஷிப்மென்ட் வி ரிசீவ்ட் எஸ்டர்டே வேர் டேமேஜ்ட். வி இன்ஃபார்ம்ட் தி டிரான்ஸ்போர்ட்டர், ஹூ செட் ஹி வுட் செக். ப்ளீஸ் அட்வைஸ்." ஷிப்மென்ட் வந்துச்சுங்கிறது உங்க மேனேஜருக்கு பெரிய செய்தி இல்ல, ரெண்டு பெட்டி அடிபட்டதுதான் செய்தி, அதனால "வி ரிசீவ்ட் எஸ்டர்டே"ய பெயருக்குப் பின்னாடி ஒரு அடைமொழியா ஒதுக்கிட்டேன், தமிழ்ல "நேத்து வந்த ஷிப்மென்ட்ல"ன்னு பெயரெச்சமா சொல்ற மாதிரி. முதல் செய்தி முதல்ல வந்துடுச்சு.

அந்த பேங்க் கதைக்கு வேற ஒரு வழி இருக்கு, நமக்கு ரொம்ப இயல்பா வர்றது. எழுவாய் ஒரே ஆள்னா "ஐ"ய ஒரு தடவ மட்டும் எழுதிட்டு வினைய வரிசையா அடுக்கிடலாம்: "ஐ வென்ட் டு தி பேங்க், டுக் எ டோக்கன், வெயிட்டட் ஃபார் ஆன் அவர் அண்ட் கேம் பேக் வென் தே செட் தி சர்வர் வாஸ் டவுன்." இது ரன்-ஆன் இல்ல, கமா எல்லாம் ஒரே எழுவாயோட வினைகள பிரிக்கிற கமா. நம்ம எச்ச வாக்கியத்தோட ஓட்டமும் அப்படியே இருக்கு. தமிழ்க்காரங்க இத பழகிக்கணும்னு நான் எல்லார்ட்டயும் சொல்வேன்.

இங்க ஒரு பள்ளம் இருக்கு. எச்சத்துக்கு பதிலா -இங் போட்டு ஆரம்பிச்சா எழுவாய் மாறக்கூடாது. தமிழ்ல "மழை பெய்து குளம் நிறைந்தது"ன்னு பெய்தது ஒண்ணு, நிறைஞ்சது ஒண்ணுன்னு ரெண்டு எழுவாய் வரலாம், இலக்கணம் ஏத்துக்கும். இங்கிலீஷ்ல "வெயிட்டிங் ஃபார் ஆன் அவர், தி சர்வர் வென்ட் டவுன்"னு எழுதினா காத்துக்கிட்டு இருந்தது சர்வர்னு ஆயிடும். ஒரு பிழைய சரி பண்ணப் போயி இன்னொண்ணு வந்துடக்கூடாது.

"அண்ட்" போட்டா போதுமேன்னு ஒரு வாக்கியத்துல ஆறு அண்ட் போடுறதும் நடக்கும். அது ரன்-ஆன் ஆகாது, ஆனா படிக்க களைப்பா இருக்கும். ரெண்டுக்கு மேல வந்தா பிரிச்சிடுங்க.

எல்லா கமா ஸ்ப்ளைஸும் பாவம் கிடையாது. சீசர் சொன்னதா வர்ற "ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்" மாதிரி குட்டி குட்டியா ஒரே அச்சுல வர்ற வாக்கியங்களுக்கு வெறும் கமா போதும்னு கறாரான இலக்கணக்காரங்களே ஒத்துக்குவாங்க. "இட் இஸ் ரெடி, இஸின்ட் இட்?"ல வர்ற கமாவும் சரிதான். கதை எழுதுறவங்க வேணும்னே போடுவாங்க. ஆனா பரீட்சைல அந்த சலுகைய எதிர்பாக்காதீங்க. வெளிநாட்டுல படிக்க, வேலை பாக்கப் போறவங்க எழுதுற ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சைல ரைட்டிங்க்கு மார்க் போடுற நாலு அளவுகோல்ல ஒண்ணு இலக்கணம், நாலுக்கும் சம எடை, அதுல நிறுத்தக்குறியையும் பாப்பாங்க. அமெரிக்க காலேஜ்ல சேர எழுதுற எஸ்ஏடி பரீட்சைல ரெண்டு வாக்கியம் சந்திக்கிற எடத்துல எந்தக் குறி வரும்னே நேரடியா கேள்வி வரும்.

கிராமர்லி, வேர்ட் மாதிரி சாஃப்ட்வேர் கமா ஸ்ப்ளைஸ நிறைய எடத்துல காட்டிக்கொடுக்கும், பயன்படுத்துங்க. ஆனா உங்க மனசுல இருக்குறது காரணமா முரணான்னு அதுக்குத் தெரியாது, அத நீங்கதான் சொல்லணும்.

பழகுறதுக்கு ஒரு வேலை சொல்றேன். உங்க சென்ட் ஃபோல்டர்லேர்ந்து பழைய மெயில் ஒண்ண எடுத்து, கடைசி வாக்கியத்துலேர்ந்து மேல நோக்கி ஒவ்வொண்ணா வாசிங்க. மேலேர்ந்து கீழ வாசிக்கும்போது விஷயம் தெரிஞ்சதால கண்ணு ஓடிடும், கீழேர்ந்து வாசிச்சா ஒவ்வொரு வாக்கியமும் தனியா நிக்கும். எங்கெல்லாம் கமா இருக்கோ அங்க விரல வெச்சு மறைச்சுட்டு இடப்பக்கம் மட்டும் வாசிங்க, அப்புறம் வலப்பக்கம் மட்டும் வாசிங்க. ரெண்டும் தனித்தனியா நின்னுச்சுன்னா, கமா பக்கத்துல அண்ட், பட், ஸோ மாதிரி ஒண்ணு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அங்க கை வைக்கணும்.