கணினி உங்களுடையதுதான், ஆனால்...

கேள்வி: திரையில் திறந்திருக்கும் ஜன்னல்களை ஒழுங்காக அடுக்கித் தரும் ஒரு மென்பொருளை என் மேக்புக்கில் போடப் பார்த்தேன். முதலில் 'சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்‌ஷன்' என்ற பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கியவன் நான், அட்மின் பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கே தடை போட ஆப்பிள் யார்? லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லையே! அதை அணைத்தே வைத்தால் என்ன கெட்டுவிடும்?
- வாசகர், கோவை

பதில்: என்ன கெட்டுவிடும் என்பது 2019 செப்டம்பரிலேயே தெரிந்துவிட்டது. ஹாலிவுட் படத்தொகுப்பாளர்களின் மேக் புரோ கணினிகள், ரீஸ்டார்ட் செய்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது அவிட் என்ற எடிட்டிங் மென்பொருளை. தோண்டிப் பார்த்தால், குரோம் பிரவுசரைப் பின்னணியில் புதுப்பிக்கும் நிரலில் ஒரு பிழை. கூகுளும் அதை ஒப்புக்கொண்டது.

பிழை செய்தது சின்னக் காரியம்தான். மேக்கின் ரூட் ஃபோல்டரில், அதாவது எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டரில், 'வார்' என்று ஒன்று இருக்கும். ஃபோல்டர் மாதிரி தெரிந்தாலும் அது வெறும் இணைப்பு. அசல் 'வார்', 'பிரைவேட்' ஃபோல்டருக்குள் இருக்கிறது. லாக் கோப்புகள், பயனர் கணக்கு விவரங்கள் என்று பலவற்றைக் கணினி அந்த வழியாகத்தான் தேடிப் போகும். குரோமின் நிரல் அந்த இணைப்பை அழித்துவிட்டது. தரவுகள் அப்படியே இருந்தன. அங்கே போகத்தான் வழியில்லை. பழுதுபார்ப்பதற்கான ரெக்கவரிக்குள் நுழைந்து, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் இணைப்பை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்பை அணைக்காதவர்களின் மேக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே இயங்குதளத்தின் மையமான கெர்னலே அந்த இணைப்பை அழிக்க விடாது. படத்தொகுப்பாளர்களில் பலர் வேறு நிறுவனங்களின் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்காக அதை அணைத்து வைத்திருந்தார்கள். ஒரு வேலைக்காகத் திறந்த கதவு வழியே, சம்பந்தமே இல்லாத ஒரு பிரவுசர் வந்து கைவைத்துவிட்டது.

பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறது என்கிறீர்கள். ஏதாவது ஒரு இன்ஸ்டாலர் அதைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே தட்டிவிடுவோம். அந்த நொடியில் அந்த நிரலுக்கு 'ரூட்' என்ற உச்சபட்ச பயனரின் அதிகாரம் கிடைத்துவிடுகிறது. மேக்குக்கும் லினக்ஸுக்கும் பொதுவான யூனிக்ஸ் மரபில் ரூட் வைத்ததுதான் சட்டம். 2015-இல் மேக் இயங்குதளத்தின் எல் கேப்பிட்டன் பதிப்பில் ஆப்பிள் கைவைத்தது இந்த இடத்தில்தான். 'சிஸ்டம்', 'பின்', 'எஸ்பின்', 'யுஎஸ்ஆர்' ஃபோல்டர்களில் ரூட்டாகவே இருந்தாலும் எழுத முடியாது ('யுஎஸ்ஆர் லோக்கல்' மட்டும் விலக்கு). தடை உங்களுக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் ஓடும் நிரல்களுக்குத்தான் அது.

இது ஆப்பிளின் புது யோசனையும் இல்லை. பிஎஸ்டி யூனிக்ஸில், கோப்பை மாற்ற முடியாதபடி ஒரு கொடி (ஃபிளாக் என்ற அடையாளக் குறி) போட்டு, 'செக்யூர்லெவல்' என்ற பாதுகாப்பு நிலையை உயர்த்திவிட்டால், ரீஸ்டார்ட் செய்யாமல் ரூட்டாலும் அந்தக் கொடியை எடுக்க முடியாது. லினக்ஸிலும் 'சட்டர்' கட்டளையால் அப்படிக் கொடி போடலாம். ஆனால் வழக்கமான அமைப்பில் ரூட் அதே கட்டளையால் எடுத்துவிடும். லினக்ஸில் தொல்லை இல்லை என்று நீங்கள் மெச்சுவது இந்த ஓட்டையைத்தான்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். கணினியை வாங்கியவருக்கு அதை முழுதாகத் திறக்கும் உரிமை வேண்டும். ரெக்கவரியில் போய் அணைக்கும் வழியை ஆப்பிள் இன்றும் விட்டு வைத்திருக்கிறது. நாளைக்கே அதை மூடினால் இதே பக்கத்தில் எதிர்த்து எழுதுவேன். இந்தப் பாதுகாப்பு முழுமையானது என்றும் சொல்ல மாட்டேன். 2021-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இதைச் சுற்றிப் போகும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த அக்டோபரில் ஆப்பிள் அதை அடைத்தது.

சரி, உங்கள் மென்பொருள் விஷயம். இந்த ரகத்தில் சில, திரையின் அடியில் இருக்கும் 'டாக்' நிரலுக்குள் தங்கள் நிரல்வரிகளை நுழைக்கப் பார்க்கும். அதைத் தடுப்பதும் இதே பாதுகாப்புதான். அணைக்காமலே ஜன்னல்களை அடுக்கித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் போடுங்கள். ஏற்கெனவே அணைத்திருந்தால் ரெக்கவரிக்குப் போய், டெர்மினலில் 'சிஎஸ்ஆர்யுடில் எனேபிள்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் 'சிஎஸ்ஆர்யுடில் ஸ்டேட்டஸ்' கொடுத்தால், பாதுகாப்பு திரும்ப வந்ததா என்று கணினியே சொல்லிவிடும்.