அக்கானி முதல் ரப்பர் பால் வரை: கரிம வேதியியல் கேள்வி-பதில்

பத்தாம் வகுப்பில் 'கார்பனும் அதன் சேர்மங்களும்' பாடத்தைத் தொட்டதும் பிள்ளைகளின் முகம் மாறிவிடும். அதுவரை கணக்குப்போலப் போய்க்கொண்டிருந்த வேதியியல் திடீரென்று பெயர்ப் பட்டியலாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பாதிச் சரக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பனையிலும் ரப்பரிலும் தென்னையிலும் இருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் வாழைத் தோட்டத்துக்கு யூரியா போட மாட்டோம், 'ஆர்கானிக்' விவசாயம் என்று அப்பா சொல்வார். ஆனால் புத்தகத்தில் யூரியாவே ஆர்கானிக் சேர்மம் என்று இருக்கிறது. எது சரி? (மாணவன், திருவட்டாறு)

இரண்டும் சரிதான். சொல் ஒன்று, பொருள் இரண்டு. விவசாயத்தில் 'ஆர்கானிக்' என்றால் தொழிற்சாலை உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளைவிப்பது. வேதியியலில் கார்பன் சேர்மம் என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகத்தான் இருந்தன. சர்க்கரை, எண்ணெய், யூரியா போன்றவை உயிருள்ள உடலில் மட்டுமே உண்டாகும், அதற்கு ஏதோ ஓர் 'உயிர்விசை' வேண்டும் என்று அறிஞர்களே நம்பினார்கள். 1828இல் பிரெடெரிக் வோலர் என்ற ஜெர்மானியர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பிலிருந்து யூரியாவை உண்டாக்கிக் காட்டினார். சிறுநீரில் இருக்கும் அதே யூரியா, சிறுநீரகம் இல்லாமலே வந்தது. அப்புறம் 'உயிரிலிருந்து வந்தது' என்ற வரையறை மெல்ல மெல்லப் போய், கார்பன் இருக்கிறதா என்பதே அளவுகோல் ஆனது. கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல் போன்ற சிலவற்றை மட்டும் பழைய வழக்கப்படி கனிமத்தின் பக்கமே விட்டுவைத்திருக்கிறார்கள்.

பெயரிடுதல் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது டீச்சர். பென்டேன், பென்டீன், பென்டனால்... எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. (மாணவி, தக்கலை)

உனக்குத் தமிழ் இலக்கணத்தில் பகுபத உறுப்பு பிரிக்கத் தெரியும்தானே மக்களே? 'செய்தான்' என்பதை செய் + த் + ஆன் என்று பிரிப்பாய். செய் என்பது பகுதி. த் இடைநிலை, அது காலம் காட்டும். ஆன் விகுதி, அது செய்தவன் ஆண் என்று சொல்லும். அதே கத்தியை எடுத்துக்கொண்டு பென்டனாலை வெட்டு: பென்ட் + அன் + ஆல்.

பகுதி சொல்வது கார்பன் எண்ணிக்கையை. மெத் ஒன்று, எத் இரண்டு, புரொப் மூன்று, பியூட் நான்கு. இந்த நான்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள். ஐந்திலிருந்து எட்டு வரை பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட் என்பவை கிரேக்க எண்ணுப்பெயர்கள்தான். பென்டகன், ஹெக்சகன் என்று கணக்கில் படித்திருப்பாய்.

இடைநிலை சொல்வது கார்பன்களுக்கு இடையே உள்ள பிணைப்பை. 'அன்' வந்தால் எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. 'ஈன்' வந்தால் எங்கோ ஓர் இரட்டைப் பிணைப்பு, 'ஐன்' வந்தால் முப்பிணைப்பு. விகுதி சொல்வது வினைச்செயல் தொகுதியை, அதாவது சேர்மத்துக்கு அதன் தனிக் குணத்தைத் தரும் அணுக்கூட்டத்தை. 'ஆல்' என்றால் ஆல்கஹால், 'ஏல்' ஆல்டிஹைடு, 'ஓன்' கீட்டோன், 'ஆயிக் அமிலம்' கார்பாக்சிலிக் அமிலம். வினைச்செயல் தொகுதி எதுவுமே இல்லாவிட்டால் பென்டேன், பென்டீன் என்று இடைநிலையோடு பெயர் முடிந்துவிடும்.

புணர்ச்சி விதிகூட உண்டு! ஆங்கிலத்தில் 'பென்டேன்' என்று எழுதும்போது கடைசியில் ஓர் 'ஈ' எழுத்து நிற்கும். 'ஆல்' என்ற உயிர் வந்தால் அது விழுந்துவிடும், நாடு + எங்கும் 'நாடெங்கும்' ஆகும்போது உகரம் விழுவதைப் போல. 'டையால்' என்று மெய்யில் தொடங்கும் விகுதி வந்தால் விழாது. 'நாடுகள்' என்பதில் உகரம் நிற்கிறதே, அப்படி. இரண்டு மொழிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அடுத்தடுத்து இரண்டு உயிர் வந்தால் நாக்கு தடுமாறும் என்பது எல்லோருக்கும் பொதுதானே.

நீ அனுப்பிய விடைத்தாளில் '3-பியூட்டனால்' என்று எழுதி மதிப்பெண் போயிருக்கிறது. நான்கு கார்பன் சங்கிலியில் ஓர் ஓரத்திலிருந்து எண்ணினால் ஆல்கஹால் தொகுதி மூன்றாவதில் இருக்கிறது, மறு ஓரத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதில். சின்ன எண் வரும் பக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும். அப்போது அது பியூட்டன்-2-ஆல்.

பென்டேனுக்கு நான் ஐந்து மாற்றியம் வரைந்தேன். மூன்றுதான் என்று சொல்லி அடித்துவிட்டார்கள். (மாணவன், கருங்கல்)

நீ வரைந்ததைப் பார்த்தேன். மாற்றியம் என்றால் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, கோத்த விதம் மட்டும் வேறு. நேராக ஒன்று, அதையே மடக்கி ஒன்று. ஒற்றைப் பிணைப்பு தாராளமாகச் சுழலும், ஆகவே மடக்கி வரைந்தாலும் அது அதே மூலக்கூறுதான். கயிற்றைச் சுருட்டிவைத்தால் வேறு கயிறு ஆகிவிடாது. பிறகு, நான்கு கார்பன் சங்கிலியில் இரண்டாவதில் கிளை வைத்து ஒன்று, மூன்றாவதில் கிளை வைத்து ஒன்று. தாளைத் திருப்பிப் பிடித்துப் பார், இரண்டும் ஒன்றே.

வீட்டில் சுண்டலுக்குக் கடலை ஊறப்போடும்போது ஐந்து கடலை எடுத்துக்கொள். விளக்குமாற்று ஈர்க்கைச் சின்னச் சின்னதாக ஒடித்துக் குத்தி, எத்தனை விதமாகக் கோக்க முடிகிறது என்று பார். மூன்றுக்கு மேல் வராது. ஹெக்சேனுக்கு 5, ஹெப்டேனுக்கு 9, டெக்கேனுக்கு 75.

இன்னொன்றையும் கவனி. மூன்றிலும் ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன்தான். ஆனால் நேர்ச்சங்கிலிப் பென்டேன் சுமார் 36 டிகிரியில் கொதிக்கும், ஒரு கிளை உள்ளது 28இல், நடுக் கார்பனைச் சுற்றி நான்கு கார்பன் நிற்பது 10 டிகிரிக்கும் கீழே. நீளமாக இருப்பவை அடுக்கிய விறகுபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். உருண்டையாக இருப்பவை தொட்டும் தொடாமலும் நிற்கும், சீக்கிரம் பிரிந்து ஆவியாகிவிடும்.

அப்பா ரப்பர் வெட்டுகிறார். சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்தால் கட்டியாகிவிடுகிறது. அது என்ன வேதிவினை? (மாணவி, குலசேகரம்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்று தோன்றியது. உங்கள் வீட்டு முற்றத்தில் நடப்பது தயிர் உறைவதற்கு அண்ணன் தம்பி முறை.

ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரதம் போர்த்தியிருக்கிறது, அதன்மேல் எதிர்மின் சுமை இருக்கிறது. எல்லாமே எதிர்மின் சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கின்றன, அதனால் சேர்வதில்லை. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையைச் சரிக்கட்டிவிடுகிறது. தள்ளுவதற்கு ஆள் இல்லை என்றானதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது. ஆக, ரப்பர் மூலக்கூறு மாறவே இல்லை, கூடி நிற்கும் விதம்தான் மாறியது. பாலை உடனே எடுக்காவிட்டால் நுண்ணுயிரிகளே அமிலத்தை உண்டாக்கித் திரிய வைத்துவிடும். பாலாகவே விற்பவர்கள் அம்மோனியா சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். அம்மோனியா காரம்.

அப்பா ஊற்றும் ஆசிட் பெரும்பாலும் பார்மிக் அமிலமாக இருக்கும். புத்தகப் பெயர் மெத்தனாயிக் அமிலம்: மெத், ஆகவே ஒரே ஒரு கார்பன். 'பார்மிகா' என்றால் லத்தீனில் எறும்பு. மாமரத்தில் இலையை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு கடித்தால் சுருக்கென்று எரியுமே, அந்த எரிச்சல் இந்த அமிலம்தான். நீர்க்காத அமிலம் தோலைப் பொத்துவிடும். கையுறை போடச் சொல். எப்போதும் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ரப்பரின் அடிப்படை அலகு ஐசோபிரீன்: ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு இரட்டைப் பிணைப்பு. பகுபதம் பிரித்தால் 2-மெத்தில்பியூட்டா-1,3-டையீன். ரப்பர்ச் சங்கிலியில் ஒவ்வொரு அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு மிச்சமிருக்கும். அதை நம்பித்தான் டயர்த் தொழிலே நடக்கிறது. கந்தகம் சேர்க்காத வெறும் ரப்பர் ஷீட் வெயிலில் இளகி ஒட்டும். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டார். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடங்களை ஒட்டிக் கந்தகம் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் போடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும்.

அக்கானி கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள்? (மாணவன், திங்கள்நகர்)

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: அக்கானி என்பது பதநீர். பாளையிலிருந்து சொட்டுவது சர்க்கரைக் கரைசல்தான், பெரும்பகுதி சுக்ரோஸ். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்ததும் வேலை தொடங்கிவிடும். இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கும், சைமேஸ் அவற்றை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். கார்பனை எண்ணிப் பார்: குளுக்கோஸில் 6. இரண்டு எத்தனாலில் 4, இரண்டு கார்பன் டை ஆக்சைடில் 2. கணக்கு தீர்ந்தது. கள்ளு நுரைத்துப் பொங்குவது அந்த வாயுவால்தான். இன்னும் விட்டுவைத்தால் பாக்டீரியா எத்தனாலை எத்தனாயிக் அமிலமாக்கிவிடும், புளித்த காடி.

சுண்ணாம்பு காரம். காரம் கூடிய கரைசலில் ஈஸ்ட் தழைக்காது, அதனால் இனிப்பு இனிப்பாகவே இருக்கும். கருப்பட்டி காய்ச்சவும் இந்த அக்கானிதான் வேண்டும். சுக்ரோஸ் உடைந்துவிட்டால் பாகு சரியாக இறுகாது.

தேர்வில் 'கரும்புச் சாற்றுக் கழிவுப்பாகிலிருந்து எத்தனால்' என்று கேட்பார்கள். பனை இல்லை, கரும்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அதே இரண்டு நொதி, அதே இரண்டு சமன்பாடு.

கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று படித்தோம். ஆனால் மாமா படகில் கொண்டுபோகும் தேங்காய் எண்ணெய் சோப்பு நுரைக்கிறதே? (மாணவி, குளச்சல்)

கண்ணால் கண்டதை விட்டுக்கொடுக்காமல் கேட்டாயே, நல்லது. புத்தகமும் தப்பில்லை, உன் மாமாவின் சோப்பும் தப்பில்லை.

எண்ணெயைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு காய்ச்சினால் சோப்பும் கிளிசராலும் வரும். சோப்பு என்பது நீண்ட கார்பாக்சிலிக் அமிலத்தின் சோடியம் உப்பு. அந்த மூலக்கூறின் உப்பு முனையான தலை தண்ணீரை விரும்பும், நீண்ட கார்பன் சங்கிலியான வால் எண்ணெய் அழுக்கைப் பிடிக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர்போலத் திரியும். போதாததற்கு, அவ்வளவு சோடியம் ஏற்கெனவே கரைந்திருப்பதால் சோப்பும் கரையாமல் ஒதுங்கும்.

இங்கேதான் வாலின் நீளம் முக்கியம். பல சோப்புகளில் 16, 18 கார்பன் உள்ள வால் அதிகம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதில் 12 கார்பன்தான். வால் குட்டையானால் கரைதிறன் கூடும். அதனால் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கிறது. கப்பல்களில் பயன்படுத்தும் சோப்பைத் தேங்காய் எண்ணெயில் செய்ததும் இதற்காகத்தான். நல்ல தண்ணீரில் தேய்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருக்கும், மாமாவிடம் கேட்டுப் பார்.

சமையல் கேஸ் நாறுவது பியூட்டேனாலா? (மாணவன், ஆரல்வாய்மொழி)

இல்லை. பியூட்டேனுக்கும் புரொப்பேனுக்கும் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று கந்தகம் உள்ள எத்தில் மெர்காப்டனை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற.

மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் ஒரு கார்பன்தானே வித்தியாசம்? (மாணவன், நாகர்கோவில்)

ஒரு கார்பன்தான். ஆனால் உடம்புக்குள் போனதும் எத்தனால் எத்தனாயிக் அமிலமாக மாறும், அதை உடல் எரித்துவிடும். அதுவே மெத்தனால் முதலில் மெத்தனேலாகவும் பிறகு மெத்தனாயிக் அமிலமாகவும் மாறும். ரப்பர் பாலை உறைய வைக்கிறோமே, அதே அமிலம். உடல் அதை வேகமாக வெளியேற்ற முடியாமல் தவிக்கும், பார்வை நரம்பு முதலில் அடிபடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டும் நிறமற்றவை, கிட்டத்தட்ட ஒரே வாசனை. கண்ணாலும் மூக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்துப் புட்டி எதையும் வாயருகே கொண்டுபோகாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

தூய எத்தனாயிக் அமிலத்தை 'கிளேசியல்' என்று ஏன் சொல்கிறார்கள்? பனிக்கட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (மாணவி, மார்த்தாண்டம்)

தண்ணீர் கலக்காத எத்தனாயிக் அமிலம் சுமார் 16.6 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிர்நாட்டு ஆய்வகங்களில் காலையில் வந்து பார்த்தால் புட்டிக்குள் பனிக்கட்டிபோல இறுகியிருக்கும், பெயர் அதனால் வந்தது. நாகர்கோவிலில் மார்கழியிலும் அவ்வளவு குளிர் வராது, அதனால் நம் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் குளச்சலில் மீன் ஏற்றும் இடத்திலிருந்து ஒரு வாளி உடைத்த ஐஸ் வாங்கிவந்தேன். சோதனைக் குழாயில் பாதி அமிலம் ஊற்றி, கார்க் வைத்து அடைத்து ஐஸில் நட்டோம். பத்து நிமிஷம் ஆகியும் திரவமாகவே இருந்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கார்க்கைத் திறந்து, கண்ணாடிக் குச்சியால் குழாயின் உள்சுவரை இலேசாக உரசினேன். உரசிய இடத்திலிருந்து வெள்ளை ஊசிகள் கிளம்பி, கண் இமைப்பதற்குள் கீழே வரை இறங்கிவிட்டன. குழாயைக் கவிழ்த்துப் பிடித்தேன், ஒரு சொட்டு விழவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து முன்னால் வந்து, "டீச்சர், இன்னொரு தடவை" என்றாள். குழாயை உள்ளங்கையில் பொத்தி உருக்கி, மறுபடி ஐஸில் வைத்தோம்.