பருவம் மாறும்போது வீட்டை முழுமையாகச் சுத்தம் செய்யும் வழக்கம் ஏன் வந்தது?

குளிர்காலம் முடிந்ததும் வீடு முழுவதையும் ஒட்டடை அடித்துக் கழுவும் வழக்கம் பல நாடுகளில் ஏன் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சமயக் காரணங்கள் பரவலாகப் பேசப்பட்டாலும், அடிப்படைக் காரணம் புகைக்கரி என்றே நான் கருதுகிறேன்.

மின்சாரம் வருவதற்கு முன்பு, குளிர் நாடுகளில் மாதக்கணக்கில் சன்னல்களை மூடி வைத்து, விறகோ நிலக்கரியோ எரித்து, எண்ணெய் விளக்கேற்றி வாழ்ந்ததால், சுவர், திரைச்சீலை, கம்பளம் என எல்லாவற்றின் மீதும் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்தது. சன்னலைத் திறக்கவும், துவைத்த கனமான துணிகளை வெயிலில் உலர்த்தவும் வசந்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈரானில் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன் நடக்கும் இந்த வேலைக்கு 'கானே தகானி', அதாவது வீட்டை உலுக்குதல் என்றே பெயர். கம்பளங்களை உதறுவதைப் பார்த்தவர்களுக்கு அப்பெயர் மிகையாகத் தோன்றாது.

யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு முன்னர் செய்யப்படும் சுத்தம் சற்று வேறானது: புளித்த மாவுப் பண்டங்களின் துணுக்குகூட வீட்டில் இருக்கக்கூடாது என்பதே அங்கு நோக்கமாகும். ஜப்பானிலோ இது வசந்தத்தில் அல்லாமல் ஆண்டிறுதியில் நடக்கிறது. எடோ காலத்தில் (1603–1868) பன்னிரண்டாம் மாதம் 13ஆம் நாள் 'சுசுஹராய்', அதாவது கரி அகற்றுதல் நடைபெற்றது. இன்றைய 'ஓசோஜி', அதாவது பெருஞ்சுத்தம், அதன் தொடர்ச்சியாகும்.

அடுப்புப் புகை இல்லாத இன்றைய வீடுகளில் கரி படிவதில்லை; ஆயினும் மெத்தையிலும் அலமாரி மேல்தட்டிலும் சேரும் தூசிக்கு அன்றாடப் பெருக்கல் எட்டுவதில்லை. இப்பணியில் கூரையிலிருந்து தொடங்கித் தரையில் முடிப்பதே முறை, ஏனெனில் மேலே தட்டிய தூசி முழுவதும் கீழேதான் வந்து விழும்.