நடக்குறாரு, ஆனா பட்டன் போட முடியலையே டாக்டர்

கேள்வி: அப்பாவுக்கு வயசு 63. நாலு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு. பிசியோதெரபி பண்ணி இப்ப நடக்குறாரு. ஆனா பல் தேய்க்க, சட்டை போட, சாப்பிட எல்லாத்துக்கும் அம்மாதான் வேணும். ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகச் சொல்றாங்க. அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, அவருக்கு எதுக்கு அது?

பதில்: இந்தப் பேரைக் கேட்டு குழம்பாதவங்களே இல்லீங்க. ஆக்குபேஷன்னா இங்க ஆபீஸ் வேலை இல்ல, காலைல எழுந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் ஒரு மனுஷன் தன் கையால செஞ்சுக்கற அத்தனையும்தான். பிசியோ கையைத் தூக்க வைக்கும், தூக்கின கையை சட்டைக்குள்ள நுழைக்க வைக்கிறது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேலை.

முதல்ல அவருக்கு ஏன் முடியலைன்னு பாப்பாங்க. விரல்ல பலம் இல்லாம இருக்கலாம், தொட்டா உணர்ச்சி தெரியாம இருக்கலாம், இல்ல அப்ராக்சியாவா இருக்கலாம், அதாவது கையில பலம் இருந்தும் பிரஷ்ஷை என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பாங்க, வீட்ல உள்ளவங்க அதைப் பிடிவாதம்னு நெனச்சு சத்தம் போடுவாங்க, பாவம். மூளையோட இடது பக்கம் அடிபட்டவங்ககிட்ட இது அதிகம். இடது பக்க மூளைதான் வலது கை காலை ஆட்டி வைக்குது, உங்கப்பாவுக்கும் வலது பக்கம் விழுந்திருக்கறதால இதைக் கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க.

இப்ப அம்மா விஷயம். கோவிச்சுக்காதீங்க, அவங்க பாசத்துல எல்லாத்தையும் செஞ்சு குடுக்கறதுதான் அந்தக் கையை சும்மா உக்கார வெச்சிருக்கு. பயன்படுத்தாத கையை மூளை ஓரங்கட்டிடும், திரும்பத் திரும்ப செஞ்சாதான் புதுசா வழி பழகும். இதுக்காகவே நல்ல கைக்கு உறை மாட்டிட்டு வீக்கான கையையே வேலை வாங்கற ஒரு சிகிச்சை உண்டு, ஆனா மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நீட்ட வரணும், அதனால தெரபிஸ்ட் சொல்லாம வீட்ல நீங்களா கையைக் கட்டிப் போடாதீங்க.

சட்டை போடறப்ப வீக்கான கை முதல்ல, கழட்டறப்ப அது கடைசில. ஸ்பூன், பிரஷ் பிடியில ஸ்பான்ஜ் சுத்தி தடிமனா ஆக்கினா பிடிக்க வரும். பாத்ரூம்ல கைப்பிடி, உக்கார நாற்காலி, வழுக்காத மேட் போடுங்க. எழுப்பறப்ப வீக்கான கையைப் பிடிச்சு மட்டும் இழுக்காதீங்க, தோள்பட்டை விலகிடும், அப்புறம் வலியிலயே கையைத் தொட விடமாட்டாரு.

நாலு மாசம் லேட் இல்ல. முதல் மூணு மாசம் வேகமா தேறும், அதுக்கப்புறம் மெதுவா, ஆனா நிக்காது. திடீர்னு வாய் கோணினாலோ, பேச்சு குளறினாலோ, புதுசா கை கால் விழுந்தாலோ தெரபி எல்லாம் அப்புறம், உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

தெரபிக்குப் போறதுக்கு முன்னாடி அவர் தானா பட்டன் போடப் பாக்கறதை போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கங்க, நடுவுல அம்மா கை வராம. தெரபிஸ்ட்டுக்கு நீங்க வாயால சொல்றதைவிட அதுல நெறைய தெரியும்.