முதுகிலா, காலிலா? ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

இருபது வருஷத்துக்கு மேலாக நாகர்கோவிலில் முதுகெலும்பு நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். முதுகு நோவு என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நோவு முதுகில் கூடுதலா, காலில் கூடுதலா?" ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்கும். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

கேள்வி: எனக்கு 46 வயசு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறேன். முதுகு நோவு மூணு வருஷமா உண்டு. இப்போ ஏழு வாரமா இடது காலில் பெருவிரல் வரைக்கும் சுரீர்னு இழுக்குது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குதுன்னு வந்திருக்கு. உடனே ஆபரேஷன் செய்யணும்னு சொல்றாங்க. செய்தா பழையபடி வெட்டுக்குப் போக முடியுமா, டாக்டர்?

பதில்: டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருப்பது. எல்4-எல்5 என்றால் இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ளது. நீங்கள் சொல்லும் நோவும் ஸ்கேனில் இருப்பதும் ஒத்துப்போகின்றன. அந்த நரம்பு அமுங்கினால் பெருவிரல் வரைதான் இழுக்கும். ஆகவே உங்களுக்கு ஆபரேஷன் பயன் தரக்கூடியதுதான். ஆனால் 'உடனே' என்பதற்கு அவசியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இடது பெருவிரலை மேலே தூக்கிப் பிடியுங்கள். வீட்டில் ஒருவர் அதை விரலால் கீழே அமுக்கட்டும். வலது பக்கமும் அப்படியே. பிறகு குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள். இடது பக்கம் பலம் விட்டுப்போயிருந்தாலோ, நடக்கும்போது செருப்பு கழன்று கழன்று போனாலோ நாள் கடத்தாதீர்கள்.

பலம் சரியாக இருந்தால் அவகாசம் உண்டு. பிதுங்கிய துண்டைப் பலருக்கும் உடம்பே மெல்லக் கரைத்துவிடும். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கால் நோவால் அவதிப்பட்ட 283 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2007-ல் வந்தது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேருக்கு மாத்திரை, பிசியோதெரபி. ஆபரேஷன் செய்தவர்களுக்கு நோவு சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருஷம் கழிந்தபோது இரண்டு பக்கத்திலும் 100-க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 100-க்கு 39 பேர் இடையில் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதற்காக வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். கால் நோவு நான்கு மாதம் தாண்டியவர்களைப் பற்றிக் கனடாவில் செய்த ஆய்வு 2020-ல் வந்தது. அதில் ஆறு மாத முடிவில் ஆபரேஷன் செய்தவர்களுக்கே கால் நோவு நன்றாகக் குறைந்திருந்தது. உங்கள் நிலையில் நான் இருந்தால் இன்னும் ஐந்தாறு வாரம் பார்ப்பேன். தூக்கமே இல்லாத அளவுக்கு நோவு என்றால் அதற்கு முன்பே சம்மதிப்பேன்.

இனி உங்கள் வேலை. உங்களைப் போன்ற ஒருவரோடு விடியும் முன் தோட்டத்துக்குப் போய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அவர் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வெட்டுத் தொடங்கிய மரத்தில் அவர் நிமிர்ந்து நின்றார். பல வருஷம் வெட்டி, பட்டை முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்ட மரத்தில் இடுப்பை இரண்டாக மடித்துக்கொண்டு, மரத்தைச் சுற்றியபடியே கத்தியை இழுத்தார். குனிவதும் திரும்புவதும் ஒன்றாகச் சேருவதுதான் டிஸ்குக்கு ஆகாது. ஆபரேஷன் பிதுங்கிய துண்டை எடுக்கும். இந்தக் குனிவை எடுக்காது. தாழ்ந்த பட்டையில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி வெட்டிப் பழகுங்கள். பாலை ஒரே கையில் நிறைகுடமாகத் தூக்காமல் இரண்டு பக்கெட்டில் பாதிப் பாதியாகத் தூக்குங்கள். ஆபரேஷன் செய்துகொண்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் வெட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. இந்தப் பழக்கத்தை மாற்றாதவர்களில் சிலர் மறுபடியும் வந்தார்கள்.

கேள்வி: கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) உட்கார்ந்து வேலை செய்கிறேன். வயசு 38. முதுகு மட்டும்தான் நோவு, காலில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் இரண்டு டிஸ்க் தேய்ந்திருக்கிறதாம். ஸ்க்ரூ வைத்து இறுக்கினால் சரியாகும் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: நகையை வீட்டிலேயே வையுங்கள், அம்மா. கால் நோவு இல்லை, எலும்பு நகரவில்லை, முறிவோ கிருமியோ இல்லை, வெறும் தேய்மானம் என்றால் ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைப்பதற்கு நான் அவசரப்பட மாட்டேன்.

தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டுத்தான் பலரும் பயந்துபோகிறார்கள். முதுகில் எந்த நோவும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 100-க்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது. 80 வயதில் 96 பேருக்கு. தலைமுடி நரைப்பது போலத்தான் இதுவும். உங்கள் நோவு நிஜம், ஆனால் அந்தத் தேய்மானம்தான் காரணம் என்று ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பிரிட்டனில் 349 பேரை வைத்து 2005-ல் முடிவு வெளியான ஆய்வில், எலும்பை இணைக்கும் ஆபரேஷனையும் தீவிரப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆபரேஷன் பக்கம் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பலன் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி நான்கு நாள் கரண்ட் வைத்து அனுப்புவது அல்ல. பெரும்பாலான இடங்களில் 75 மணி நேரம். நோவைக் கண்டு பயப்படாமல் அசையப் பழக்குவதும் அதில் சேரும். நம் ஊரில் பத்து நாள் பிசியோதெரபியில் விட்டுவிட்டு 'எல்லாம் செய்து பார்த்தாச்சு' என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். வேலையில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு டிஸ்க் பிரச்சினை உண்டு. நேற்றிலிருந்து மூத்திரம் வரவில்லை, தொடை இடுக்கில் தொட்டால் தெரியவில்லை என்கிறார். என்ன மாத்திரை கொடுக்கலாம்?

பதில்: இதைப் பார்த்ததும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மாத்திரை கொடுக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ, எம்.ஆர்.ஐ.யும் ஆபரேஷன் வசதியும் உள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ கிளம்ப வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் அமுங்கியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கேள்வி: அகஸ்தீஸ்வரத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயசு. நூறு அடி நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது. திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிறது. இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா?

பதில்: நரம்பு போகும் குழாய் குறுகிப்போனதன் அடையாளம் இது. குனிந்து எதையாவது பிடித்துக்கொண்டு நடந்தால் அம்மாவுக்கு லேசாக இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் ஏறக்குறைய உறுதி. காலில் ரத்த ஓட்டத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். பயிற்சியில் தேறவில்லை, வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார் என்றால், குழாயை அகலப்படுத்தும் ஆபரேஷன் நல்ல பலன் தரும். 67 ஒரு தடையே அல்ல. ஸ்க்ரூவும் வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சுவீடனில் 2016-ல் வந்த ஆய்வில், அகலப்படுத்துவதோடு ஸ்க்ரூவும் சேர்த்ததால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை.

கேள்வி: தக்கலையில் வர்ம ஆசான் ஒருவரிடம் தடவிக்கொள்ளலாமா?

பதில்: வர்மம் இந்த மண்ணின் கலை, தடவி ஆறுதல் கண்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகு நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பயிற்சியோடு மசாஜுக்கு இடம் உண்டு. ஆனால் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரியில் கூடும் நோவு, முன்பு புற்றுநோய், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும். மூன்று மாதம் எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்ட ஒரு மீனவருக்கு முதுகெலும்பில் டி.பி. இருந்தது. எங்களிடம் வரும்போது இரண்டு காலும் தளர்ந்திருந்தது.

கேள்வி: எப்போதும் பெல்ட் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நாள்பட்ட நோவுக்கு பெல்ட்டை அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. அதற்குப் பதில் நடங்கள். 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து வந்த ஆய்வில், முதுகு நோவு விட்டபின் படிப்படியாக நடக்கப் பழகியவர்களுக்கு மறுபடி நோவு வர சராசரியாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். சானல் (கால்வாய்) கரையில் காலையில் பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நாள், அரை மணி வரை கூட்டிக்கொண்டே போங்கள்.