சோம்பு வாசம்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

செம்பனை வண்டைப் பற்றி நீங்கள் எழுதியதை என் தங்கை வாட்ஸாப்பில் அனுப்பினாள். மூன்று மில்லிமீட்டர் வண்டு ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, எண்ணெய் தரும் செம்பனையின் பூவுக்கு மகரந்தம் சுமந்து, நம் மலேசியத் தோட்டங்களில் விளைச்சலைக் கூட்டிய கதை. "அதுவரை அந்த இரகசியம் ஒருவர் கண்ணிலும் படவில்லை, செம்பனைப் பூவின் இனிய மணத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது" என்று முடித்திருந்தீர்கள். எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகுதான் விஷயம் வந்தது. அம்மா 1978 முதல் நான்கு வருஷம் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பூவுக்குப் பவுடர் ஊதும் வேலை செய்திருக்கிறார். ஆண்பூவை வெட்டி வந்து, தட்டி, சலித்து, பவுடரோடு கலந்து, பெண்பூ விரிந்திருக்கும் மரமாகத் தேடிப் போய் ஊத வேண்டும். "வண்டு வந்துச்சு, எங்களுக்கு வேலை இல்லைன்னுட்டாங்க. முதுகுல பம்பு கட்டி மருந்தடிக்கப் போகச் சொன்னாங்க" என்றார். நீங்கள் வியப்பு என்கிறீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். அந்த வண்டுதான் எங்களைத் தோட்டத்தை விட்டு விரட்டியது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று. அது 'இனிய மணம்' இல்லையாம், சோம்பு வாசமாம். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக்குக்கூடச் சோம்பு போட மாட்டார்கள். "காட்டு வாசம் வருது" என்பார் அம்மா. சின்ன வயதில் எங்களுக்குப் புரியாது. இது அவருடைய பிரமையா, உண்மையா?

பெயர் போட வேண்டாம். அம்மா கூச்சப்படுவார்.

ஒரு வாசகர், பாசிர் கூடாங்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை குளுவாங் ஸ்டேஷன் காப்பிக்கடையில் உட்கார்ந்து படித்தேன். 1938-லிருந்து இருக்கும் கடை. சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கும் நம் ஊர்க் காப்பிக்கொட்டை, கரியடுப்பில் வாட்டிய ரொட்டி. நம் ஊரில் செம்பனை எண்ணெய் இல்லாமல் ஏது மார்ஜரின்? உங்கள் அம்மா ஊதிய பூவில் ஏதோ ஒன்று இந்த மேசைவரை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரொட்டி ஆறிப்போனது.

முதலில் வாசத்தை முடித்துவிடுகிறேன். அம்மாவின் மூக்கு சொன்னது முழுக்க உண்மை. செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரரோடு லாயாங்-லாயாங் பக்கம் அவருடைய ஐந்து ஏக்கர் செம்பனைக்குப் போனேன். வெயில் ஏறியதும் ஓர் ஆண்பூவைக் காட்டினார். விரல் விரலாகக் கொத்தாய் நிற்கும் பூ, ஒவ்வொரு விரலிலும் வெளிர்மஞ்சள் மகரந்த மாவு. காலண்டர் தாளின் பின்பக்கத்தை அடியில் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். மாவும் கொட்டியது, வண்டும் கொட்டியது. கருஞ்சிவப்பில், நீண்ட மூக்கோடு, அரிசி டப்பாவில் ஓடுமே அந்த வண்டுக்குத் தூரத்துப் பங்காளி மாதிரி. உடம்பெல்லாம் மாவு அப்பிக்கொண்டு தாளில் தட்டுத்தடுமாறி நடந்தன. வாசம் குப்பென்று அடித்தது. சோம்பேதான். வாணலியில் வறுத்தது போல இல்லை, பச்சையாக வாயில் போட்டு மென்றது போல.

அந்த வாசத்துக்குக் காரணமான பொருளின் பெயர் எஸ்ட்ரகோல். நம் சமையல் சோம்பிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே அம்மாவுக்குக் கறிச்சட்டியில் காட்டு வாசம் வந்தது பிரமை இல்லை. 'இனிய மணம்' என்று எழுதியது நான் மோந்து பார்க்காமல் எழுதியது. எழுதியவனுக்கு இது வெட்கம்.

இனி, 'ஒருவர் கண்ணிலும் படவில்லை' என்ற வாக்கியம். போன கட்டுரையில் வேகமாகக் கடந்துவிட்ட பகுதியை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிக நடவு. கன்று வந்தது, அதன் பூச்சி வரவில்லை. ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் வரும், ஆனால் மாறி மாறி, வெவ்வேறு காலத்தில். பெண்பூ விரிந்திருக்கும்போது வேறு மரத்திலிருந்துதான் மகரந்தம் வந்தாக வேண்டும். நம் ஊரில் த்ரிப்ஸ் என்கிற இலைப்பேன் வகைப் பூச்சி ஏதோ கொஞ்சம் சுமந்தது. இளம் மரங்களில் ஆண்பூவே குறைவு. அதனால் குலை பாதி பிஞ்சாகவே அழுகும். காற்று போதவில்லை, கையால் ஊதலாம் என்று முடிவு செய்தார்கள். காற்றுதான் இந்த மரத்துக்கு மகரந்தம் சுமக்கிறது என்பது அன்றைய பாடம்.

ஊதுவதும் லேசு இல்லை. பெண்பூ முள்ளுக்கு நடுவே இருக்கும். இரண்டு மூன்று நாள்தான் அதற்குப் பக்குவம். அதுவரை வெண்மஞ்சள், பிறகு சிவந்து கறுத்துவிடும், அதற்குப் பின் ஊதிப் பயனில்லை. ஆகவே ஒரே வரிசைக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பப் போக வேண்டும். மட்டையை விலக்கி, மேலே அண்ணாந்து, எந்தப் பூ இன்றைக்கு வெள்ளை, எது நேற்றே முடிந்தது என்று பார்த்துப் பார்த்து. உங்கள் அம்மா அப்படி எத்தனை மரத்தை நிறம் பார்த்துப் பழகியிருப்பார்!

லெஸ்லி டேவிட்சன் என்று ஒரு தோட்ட நிர்வாகி. யூனிலீவர் நிறுவனத்துக்காக முன்பு ஆப்பிரிக்காவின் கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே பூவைச் சுற்றிப் பூச்சி மொய்ப்பதையும், கைவேலையே இல்லாமல் குலை நிறைவதையும் பார்த்திருந்தார். இங்கே வந்தால் பூச்சியும் இல்லை, குலையும் இல்லை. மகரந்தம் சுமப்பது பூச்சிதானோ என்ற அவர் சந்தேகத்தை நிபுணர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1970-களின் கடைசியில்தான் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூன் போய் ஒழுங்காக ஆராய்ந்தார். மொய்த்த பூச்சிகளில் முக்கியமானது எலைடோபியஸ் கேமருனிக்கஸ் என்கிற இந்த வண்டுதான் என்று கண்டார். வேறு பயிரில் வாய் வைக்கிறதா என்று சோதித்தார்கள். 1981 பிப்ரவரியில், இந்தக் குளுவாங்கில், மாமோர் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள். உங்கள் அம்மா வேலை செய்த தோட்டம் அதுவல்ல. ஆனால் வண்டுக்கு எல்லைக்கல் ஏது? தீபகற்பம் முழுக்கப் பரவ அதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

அது செய்கிற வேலையைச் சொன்னால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். ஆண்பூவில் அதற்குச் சாப்பாடு உண்டு, முட்டையிட இடம் உண்டு, புழு வளரும் தொட்டிலும் அதுதான். பெண்பூவில் ஒன்றுமே கிடையாது. ஆனால் அதே சோம்பு வாசத்தைப் பெண்பூவும் கொஞ்சம் விடுகிறது. வண்டு ஏமாந்து உள்ளே நுழைந்து, துழாவி, ஒன்றும் கிடைக்காமல் வெளியே வருகிறது. ஊதுகுழல் எட்டாத உள்ளிடுக்குவரை அதற்குள் மாவு போய்ச் சேர்ந்துவிட்டது.

இங்கேதான் உங்கள் கடிதம் என்னைப் பிடித்து நிறுத்தியது. சோளப்பூவைத் தேடிப் போய் யாரும் மோந்து பார்ப்பதில்லை. காற்றுக்காகக் காத்திருக்கும் பூ எதற்கு மூக்கைத் துளைக்கிற மாதிரி மணக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு வேண்டிய சாட்சி, ஆண்பூவைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்த பெண்களின் சேலையிலேயே இருந்தது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட யாரும் அவர்களிடம் 'இது ஏன் இப்படி மணக்குது' என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வாசம் தெரிவது வேறு, வண்டைக் கண்டுபிடிப்பது வேறு. சையத்தின் உழைப்பைக் குறைத்துப் பேசவும் மனமில்லை. ஆனால் 'ஒருவர் கண்ணிலும் படவில்லை' என்று நான் எழுதியது பிழை. போன கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன், மாற்றியதற்குக் காரணமும் அதன் கீழே போட்டிருக்கிறேன்.

வனிலாவின் கதை இதற்கு நேர் தலைகீழ், அங்கே பூச்சியின் வேலையைக் கை எடுத்துக்கொண்டது. மெக்சிகோக் கொடி ரியூனியன் தீவுக்குப் போனது, பூத்தது, காய்க்கவில்லை. 1841-இல் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியும் கட்டைவிரலுமாகப் பூவைச் சேர்த்துவைக்கும் வழியைக் கண்டான். இன்றும் உலகம் அந்த வழியில்தான் வனிலா விளைவிக்கிறது. 1880-இல் அவர் வறுமையில் செத்தார். ஆனாலும் எட்மண்டுக்குப் பெயராவது மிஞ்சியது. நம் பக்கத்துப் பவுடர்ப் பெண்களில் ஒருவர் பெயரும் நான் படித்த எதிலும் இல்லை.

ஓரிடத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வண்டு உங்களைத் தோட்டத்தை விட்டு விரட்டவில்லை. ஊதுகிற வேலையை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். முதுகில் பம்பைக் கட்டியது வண்டு இல்லை, ஆள். முன்பிருந்த பால்மரத்துக்கு, அதாவது ரப்பருக்கு, நாள்தோறும் வெட்டுக்கு ஆள் வேண்டும், செம்பனைக்கு அத்தனை வேண்டாம். மரம் மாறியது, ஆள் குறைந்தது, தோட்டங்கள் வீடமைப்பாயின, சம்பளம் பட்டணத்தில் கூடியது, பிள்ளைகள் பாசிர் கூடாங் போன்ற தொழிற்சாலை ஊர்களுக்குக் கிளம்பினார்கள். நீங்கள் இன்று அங்கிருந்து கடிதம் எழுதுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கோபத்துக்கு ஆள் வேண்டுமென்றால் வண்டைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

வண்டுக்கும் தொல்லை உண்டு, அது அம்மாவுக்குச் சிறு ஆறுதலாக இருக்கலாம். வாடிய ஆண்பூவைக் கிழித்து அதன் புழுவைத் தின்ன எலி பழகிக்கொண்டது. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். ஆந்தை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று என்னை இழுத்துக் கதவடைத்த பாட்டி இதைப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். புத்தகத்தில் 'துணைமகரந்தச் சேர்க்கை' என்றிருக்கிறது. லயத்தில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அந்த ஊதுகிற சாமானை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பக்குவமான பூவுக்கும், ஒருநாள் தாமதித்துச் சிவந்துபோன பூவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்களா? அந்தக் குரலிலேயே பதிவு செய்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. அவசரமில்லை. சோம்பு போடாத ஆட்டுக்கறிக்குப் பக்குவம் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், என் வீட்டில் நம்ப மறுக்கிறார்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.