கடல் உயிரியல் படிக்க ராமநாதபுரத்திலிருந்து வடக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போகலாமா?

கேள்வி கேட்ட தம்பி கீழக்கரைப் பக்கம், பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். "முதுகலைக்கு டவுன்ஸ்வில்லில் இருக்கும் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்துக்குப் போகலாமா? அங்கேயும் நம்ம ஊர் வெயில்தான் என்கிறார்கள், தாக்குப்பிடிக்கலாமா? இல்லை, இங்கேயே படித்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார். நான் மண்டபம் பக்கத்து ஆள். அப்பா வல்லத்தில் (நாட்டுப் படகில்) மீன்பிடிக்கப் போனவர். அதே பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் முதுகலை முடித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போகலாம். வெயிலை நினைத்து ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டாம், மே மாதத்து ராமநாதபுரத்தைப் பார்த்தவருக்கு டவுன்ஸ்வில் ஒன்றும் செய்யாது. பருவம்தான் தலைகீழ். அங்கே டிசம்பர், ஜனவரி கோடை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஜூன், ஜூலையில் இரவில் போர்வை தேடுவீர்கள். 2019 பிப்ரவரியில் அந்த ஊரே வெள்ளத்தில் மிதந்தது, ஆகவே வாடகை வீடு பார்க்கும்போது ராஸ் ஆற்றோரத் தாழ்வான தெருவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்படிப்புக்கு வெளிநாடு என்றால் லண்டன், கனடா என்றே நம்ம வீடுகளில் யோசிக்கிறார்கள். கடல் படிப்பில் அந்தக் கணக்கு சரிவராது. குளிர்க்கடல் ஓரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நீங்கள் கற்பது குளிர்க்கடலின் மீன், குளிர்க்கடலின் பாசி. டவுன்ஸ்வில்லுக்கு எதிரே கிடப்பது 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள பவளப் பார், கிரேட் பேரியர் ரீஃப். அங்கே கடையில் பாராமுண்டி என்று விலை சொல்லி விற்பது நம்ம கொடுவாதான். ஸ்பானிஷ் மேக்கரல் என்பது சீலா. கடல்புல்லில் மேய்வது ஆவுளியா, அதாவது கடல்பசு. உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான உயிர்களைப் பற்றி உலகத்திலேயே ஆழமாக வேலை செய்கிறவர்கள் கூடியிருக்கும் ஊர் அது. ஆவுளியா ஆய்வில் பெரும்பெயர் எடுத்த ஹெலீன் மார்ஷ் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2016இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்த பரப்பை விமானத்திலிருந்து பார்த்துக் கணக்கெடுத்த டெர்ரி ஹியூஸும் அங்கேதான் இருந்தார். அதே 2016இல் நம்ம மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெளுத்தது. இரண்டு கடலுக்கும் வந்தது ஒரே காய்ச்சல்.

டவுன்ஸ்வில்லுக்கு எதிரே இருக்கும் மேக்னெட்டிக் தீவில் காக்கிள் பே என்று ஒரு இடம். வத்து நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, கடல்புல் தரை அப்படியே வெளியே தெரியும். டவுன்ஸ்வில்லில் ஓத ஏற்ற இறக்கம் சில நாட்களில் நான்கு மீட்டரை நெருங்கும். மண்டபத்தில் ஒரு மீட்டர்கூட வராத நமக்கு இது பெரிய அதிசயம். புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில், வளைந்து வளைந்து போகும் வெற்று மண் தடம் ஒன்றைக் காட்டி, ஆவுளியா வேரோடு பிடுங்கித் தின்ற வழி இது என்று விளக்கினார்கள். குனிந்து விரலை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் அறுந்த வேர்த்தண்டுகள் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன. மெல்போர்னிலிருந்து வந்திருந்த மாணவர்களுக்கு அது முழுக்கப் புதிது. பாக் நீரிணையில் இப்படித் தடம் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வலை விடக்கூடாது என்று அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னதும் ஆசிரியர் நின்று, எந்த மாதம், எந்தக் காற்று, எவ்வளவு ஆழம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நீங்கள் கடற்கரைப் பிள்ளை என்பது அங்கே மதிப்புள்ள விஷயம். அதைக் கூச்சமில்லாமல் கையோடு கொண்டுபோங்கள்.

ஆனால் அது மட்டும் போதாது. கண்ணால் பார்த்ததை எண்ணாக மாற்றத் தெரியவேண்டும். ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை சதவீதம் புல், எத்தனை சதவீதம் மணல் என்று எழுதி, அதை நூறு இடத்தில் செய்து, கணினியில் போட்டு, வித்தியாசம் உண்மையானதா தற்செயலா என்று நிரூபிப்பதுதான் அங்கே படிப்பின் பாதி. 'ஆர்' என்ற இலவச மென்பொருளை இப்போதே பதிவிறக்கிப் பழகுங்கள். நம்ம கல்லூரிகளில் புள்ளியியலைத் தேர்வுக்கு முந்தின வாரம் பார்க்கும் பாடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே முதல் பருவத்தில் ஆள் திணறுவது அதில்தான். ஆங்கிலத்தில்கூட அவ்வளவு திணறல் இல்லை.

நீச்சலுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம சொறி (ஜெல்லிமீன்) பட்டால் பெரும்பாலும் அரிக்கும், எரியும், அதோடு போய்விடும். அங்கே நவம்பரிலிருந்து மே வரை வரும் பெட்டிச் சொறி ஆளையே கொல்லக்கூடியது. ஸ்ட்ராண்ட் கடற்கரையில் வலை கட்டிய பகுதிக்குள்தான் அந்த மாதங்களில் குளிக்க வேண்டும். கரையில் கம்பம் நட்டு அதில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள், கொட்டின இடத்தில் முதலில் ஊற்றுவதற்கு. கழிமுகங்களில் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீருக்குள் காலை வைக்காதீர்கள், கடலில் பிறந்தவன் என்ற தைரியம் அங்கே செல்லாது. வளாகத்தில் இரவில் குழந்தை அழுவதுபோலக் குரல் கேட்டால் பயப்பட வேண்டாம், அது நம்ம கண்கிலேடிக்கு நெருங்கிய சொந்தமான பறவை.

நான் அங்கே கற்றதில் பெரிதென்று நினைப்பது வகுப்பறையில் கிடைத்ததல்ல, தூண்டில் கடையில் இலவசமாகக் கொடுத்த வரைபடம். கிரேட் பேரியர் ரீஃப் முழுவதையும் வண்ணம் வண்ணமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சை என்றால் மீன் பிடிக்கவே கூடாது, மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு, நீலம் என்றால் பெரும்பாலும் பிடிக்கலாம். 2004இல் செய்த மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு பச்சையானது. அதற்கு முன்னால் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் எழுதி வந்ததைப் படித்துக் கோடுகளை நகர்த்தினார்கள். எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது, ஆனால் எந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று படகு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

நம்ம பக்கம் 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. அது வந்திருக்கத்தான் வேண்டும். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. ஆனாலும் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களிடம், எதுவரை போகலாம், எங்கே போகக்கூடாது என்று கோடு போட்டுக் காட்டிய காகிதம் ஒன்று கையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் எந்த மாதம் தழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எழுத்தில் இல்லை. அவர்களையும் உட்காரவைத்துப் பேசிக் கோடு போடத் தெரிந்த ஆட்கள் நமக்கு வேண்டும். நீங்கள் போவதென்றால் அதற்காகப் போங்கள் என்பேன்.

இங்கேயே படித்தால் போதாதா என்றும் கேட்டீர்கள். பலருக்குப் போதும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1970களின் தொடக்கம் வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமாகவே இருந்த இடம். பணம் தடை என்றால் முதுகலையை இங்கே முடித்து, முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு போவது இன்னும் நல்ல வழி. மலேசியாவின் கொட்டா கினபாலுவில் இருக்கும் மலேசியா சபா பல்கலைக்கழகத்தின் போர்னியோ கடல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் பாருங்கள், அதுவும் வெப்பமண்டலக் கடல்தான், செலவும் குறைவு.

பணம் பெரிய மலைதான். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுக்கென்று மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்டச் சொல்கிறார்கள், 2024 மே மாதத்திலிருந்து. விசாக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 டாலராக ஏறியது. பாடமுறை முதுகலையில் வகுப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவும், கல்லூரிக் கட்டணத்தைத் தூக்காது. வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பெரும்பாலும் அடமானம் கேட்பார்கள். நம்ம குப்பங்களில் பாதி வீடு புறம்போக்கில் நிற்கிறது, பட்டா இருக்காது. இதை முதல் வேலையாகப் பாருங்கள். சேர்க்கைக் கடிதம் வந்தபிறகு பட்டாவுக்கு அலைந்தால் நேரம் போதாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்.

ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் கட்டுரையை அப்படியே விசா விண்ணப்பத்தில் ஒட்டாதீர்கள். எனக்கு ஒருவர் கொடுத்ததில் நான் பிறந்த ஊர்கூட இல்லை. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு உங்கள் ஊரே நல்ல பதில். அப்பா எந்தப் பாரில் வலை விட்டார், இப்போது அங்கே என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

கருவாடு கொண்டுபோனால் வருகை அட்டையில் எழுதிவிடுங்கள், மறைத்தால் அபராதம். ராமேஸ்வரத்துச் சங்கு, பவளம் எதையும் பரிசாக எடுத்துப் போகாதீர்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விமான நிலையத்தில் மாட்டினால் படிப்பே போய்விடும். ஆய்வேட்டுக்கு மன்னார் வளைகுடாவையே எடுக்க நினைத்தால் மாதிரிகளை வெளிநாடு அனுப்பத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும், பூங்காவுக்குள் இறங்க வனத்துறை அனுமதி தனி. மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. அதனால் வழிகாட்டி முடிவானதுமே ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுங்கள்.